பத்து சனிக்கிழமை, 18,880 ரூபாய்: மருத்துவமனை நிர்வாகிகளுக்கான ஆராய்ச்சி வகுப்பு தகுமா?

முதலில் கணக்கு. கட்டணம் 16,000 என்றுதான் போனில் சொன்னார்கள். பணம் கட்டப் போன அன்று 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்றார்கள். ஆக 18,880 ரூபாய். அப்புறம் பத்து சனிக்கிழமை ஈரோட்டிலிருந்து கோவைக்குப் போய்வந்த பஸ் செலவு, வாராவாரம் டியூட்டி மாற்றிக்கொள்ள யாரையாவது கெஞ்சியது, மகளின் ஆண்டு விழாவுக்குப் போகாமல் ஒரு வாரம் அவளிடம் பேச்சு வாங்கியது. இவ்வளவுக்கும் அந்த வகுப்பு தகுமா என்று வார்டில் மூன்று பேரும் வாட்ஸ்அப்பில் ஏழெட்டுப் பேரும் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. குறைகள் நிறைய சொல்லப் போகிறேன்; அங்கே பாடம் எடுத்த ஒருவர் மேல் எனக்கு மரியாதையும் நிறைய. பெயர் போட்டால் அவருக்குச் சங்கடம். கோவையில் அவிநாசி சாலைப் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் பயிற்சி மையம், அவ்வளவு போதும். 'மருத்துவமனை மேலாண்மைக்கான ஆராய்ச்சி முறைகளும் நெறிமுறையும்' என்ற பாணியில் சான்றிதழ் வகுப்புகள் இப்போது பல ஊர்களில் வந்துவிட்டன. எதில் சேர்வதானாலும் நான் சொல்வதில் பாதி பொருந்தும்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டென்டன்ட். பன்னிரண்டு வருடம் வார்டு, தியேட்டர், ஐசியூ என்று ஓடிய பிறகு கிடைத்த நாற்காலி. மருத்துவமனைகளின் தரத்துக்கான என்ஏபிஎச் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்த வருடத்திலிருந்து குவாலிட்டி வேலையும் என் தலையில்தான். தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. மருத்துவமனை மேலாண்மை படித்துக்கொண்டிருக்கிறேன். கடைசி செமஸ்டருக்கு ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் 'ப்ராஜெக்ட் செய்து தரப்படும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். விசாரித்தேன், பொய் சொல்வானேன். தலைப்பு, கேள்வித்தாள், நூறு பேருடைய பதில்கள், அட்டவணை, பைண்டிங் எல்லாம் சேர்த்து ஆறாயிரம். யுஜிசி 2018இல் கொண்டுவந்த விதிப்படி மற்றவர் எழுதியதோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லையாம், அதற்குள் 'இறக்கித் தருகிறோம்' என்று வேறு உறுதி. நூறு பேருடைய பதில்கள் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அங்கிருந்து திரும்பி வந்துதான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

எங்கள் பேட்ச்சில் பதினேழு பேர். பொள்ளாச்சியில் சொந்த கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர், திருப்பூரில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் இன்சார்ஜ், இரண்டு பார்மசிஸ்ட், மற்றவர்கள் என்னைப்போல. முக்கியமாகப் பாடம் எடுத்தவர் அரசு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பேராசிரியை. எழுபதை நெருங்கும் வயது. காட்டன் சேலை, கையில் ஒரு சாக்பீஸ், பவர்பாயிண்ட் கிடையாது. எல்லோரையும் அவரவர் தொழிலைச் சொல்லிக் கூப்பிடுவார். நான் 'சிஸ்டர்'.

முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுப்பி, உங்கள் கேள்வி என்ன என்றார். நான் தயாராகப் போயிருந்தேன். "எங்க ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் ரொம்ப லேட்டாகுது மேடம். ஏன்னு கண்டுபிடிக்கணும்."

"லேட்டுன்னா?"

"நாலஞ்சு மணி நேரம் ஆகுதுங்க மேடம்."

"எப்போலேருந்து எப்போ வரைக்கும்?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வார்டு நர்ஸைக் கேட்டால் டாக்டர் ரவுண்ட்ஸில் 'டிஸ்சார்ஜ்' என்று எழுதிய நேரத்திலிருந்து கணக்கு. பில்லிங்கில் கேட்டால் ஃபைல் அவர்கள் மேசைக்கு வந்த நேரத்திலிருந்து. காப்பீட்டு டெஸ்க்கில் இருப்பவருக்கு, டிபிஏவுக்கு (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம் பார்க்கும் ஏஜென்சி) இறுதி பில் அனுப்பியதிலிருந்து. நோயாளிக்கோ, காலையில் டாக்டர் முதுகில் தட்டி "இன்னிக்கு வீட்டுக்குப் போலாம்" என்று சொன்ன நிமிஷத்திலிருந்து. ஒரே டிஸ்சார்ஜுக்கு நான்கு கடிகாரம். மாதாமாதம் குவாலிட்டி மீட்டிங்கில் நாங்கள் ஒருவரை ஒருவர் கத்திக்கொண்டிருந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அவரவர் கடிகாரப்படி எல்லோர் சொன்னதும் சரி.

அளக்கப் போகும் பொருளை, யார் அளந்தாலும் ஒரே எண் வரும்படி எழுதி வைப்பதற்கு 'செயல்முறை வரையறை' என்று பெயர். என் எம்.பி.ஏ. பாடப் புத்தகத்திலும் இருந்தது, பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியும் இருக்கிறேன். 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் நோயாளிக்கு மருத்துவமனை டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பியதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும். அந்த 3 மணி நேரக் கடிகாரமே கோரிக்கை போன பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறது. எங்கள் நோயாளிகள் அதற்கு முன்னாலேயே காத்துக்கிடக்கிறார்கள். மிச்ச மருந்தை வார்டிலிருந்து பார்மசிக்குத் திருப்பி, அதை அவர்கள் எண்ணி, வரவு வைத்து முடிக்கும்வரை பில் மூடாது. அந்த இடத்தை யாரும் அளக்கவே இல்லை. நான் போய் பார்மசி ஜன்னல் பக்கத்தில் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து நின்றேன். அன்று மட்டும் பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அடுத்த வாரம் வகுப்பில் சொன்னபோது மேடம் சிரித்துவிட்டு, சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1920களில் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்த கதையைச் சொன்னார். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் வேறு மாதிரி வேலை செய்வார்கள் என்பதற்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டதாம். "நீங்க சூப்பரின்டென்டன்ட். ஜன்னல்ல நின்னா யாருதான் மெதுவா எண்ணுவா?"

இந்தக் கடைசி வாக்கியத்தை அன்று சிரித்துவிட்டுக் கடந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் காசநோய்ப் பாடம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வயதானவர்கள் பெருந்துறை மருத்துவக் கல்லூரியை இன்னும் 'சானடோரியம்' என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் வீட்டை விட்டுக் கொண்டுபோய் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு என்று மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வராது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில் (இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம், ஒரு பிரிவுக்கு வீடு. மருந்து இரண்டு பேருக்கும் ஒன்றே, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான வீடுகளில், சாப்பாடு குறைவாக, வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து சாப்பிட்டவர்கள். 1959இல் முடிவு வந்தது. குணமானதில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக ஒட்டவும் இல்லை. சானடோரியக் காலம் முடிய இது ஒரு முக்கியக் காரணம்.

இதில் மேடம் பிடித்துக்கொண்டது மருந்தை அல்ல, பிரித்த விதத்தை. யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பதைக் குலுக்கல் முறையில், மூடிய உறைகளை வைத்துத் தீர்மானித்தார்கள். "ஏன் டாக்டர் கையில விடல?" என்று எங்களைக் கேட்டார். பல் டாக்டர் யோசித்துச் சொன்னார்: டாக்டர் இரக்கப்பட்டு மோசமான கேஸ்களை சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார், அப்புறம் சானடோரியத்தில் அதிகம் பேர் இறந்தால் அது சானடோரியத்தின் குறையா, நோயின் கடுமையா என்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். பாடத்தின் பெயர் தேர்வுச் சார்பு. அந்தப் பெயரை மறந்தாலும் மூடிய உறை மறக்காது. படுக்கை வேண்டுமா வேண்டாமா என்பது முழுக்க முழுக்க நிர்வாகக் கேள்வி. அதற்கு நம் ஊரிலேயே இப்படி ஒரு பதில் தேடியிருக்கிறார்கள் என்பதை நான் எம்.பி.ஏ.வில் ஒரு பக்கத்திலும் படித்ததில்லை. திரும்பும் வழியில் பஸ் பெருந்துறையைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

இனி புள்ளியியல். சுருக்கமாகத் திட்டிவிட்டுப் போகிறேன். இதற்கு ஒரு இளைஞர் வந்தார், இரண்டே சனிக்கிழமை. கை-ஸ்கொயரில் ஆரம்பித்து ரிக்ரஷன் வரைக்கும் நூற்று நாற்பது ஸ்லைடு. லேப்டாப் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. கொண்டுவந்த நான்கு பேருக்கும் மென்பொருளின் இலவசக் காலம் முடிந்திருந்தது. மாதிரி அளவுக்கு, அதாவது எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதற்கு, பலகையில் நான்கு பி கியூ கீழ் டி ஸ்கொயர் என்று எழுதினார். பி 50, கியூ 50, டி 5 என்று போட்டால் 400. "எங்ககிட்ட நர்ஸுங்களே மொத்தம் 64 பேர்தானுங்க சார்" என்றேன். "அப்போ பக்கத்து ஆஸ்பத்திரியையும் சேத்துக்கோங்க" என்றுவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். மொத்தமே சிறிய கூட்டமாக இருந்தால் அதற்கென ஒரு திருத்தம் உண்டு, அதைப் போட்டால் 64 பேருக்கு 56 வரும், அதற்கு 64 பேரையும் கேட்டுவிடலாம் என்று அடுத்த வாரம் மேடம் இரண்டு நிமிஷத்தில் போட்டுக் காட்டினார். பி-மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால் 'உண்மை', மேலே போனால் 'பொய்' என்று அந்த இளைஞர் சொல்லிக்கொடுத்ததையும் மேடம்தான் திருத்தினார். உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாகக் கண்ணில் படுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அந்த எண். அதற்கு மேல் அது எதையும் நிரூபிப்பதில்லை.

ஒன்று மட்டும் அவரிடம் கற்றது உபயோகமாக இருந்தது: சராசரியை நம்பாதே, இடைநிலையையும் பார். ஐந்து டிஸ்சார்ஜ் 2, 2, 3, 3, 15 மணி நேரம் எடுத்தால் சராசரி 5. ஆனால் 5 மணி நேரம் காத்தவர் ஒருவரும் இல்லை. இடைநிலை 3. அந்த 15 மணி நேரக்காரரைத் தனியாக எடுத்து, அவருக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். எங்கள் மாதாந்திர ரிப்போர்ட்டில் இப்போது இரண்டையும் போடுகிறேன்.

ஆறாம் வாரத்திலிருந்து நெறிமுறை. கொடுத்த பணம் திரும்பி வந்தது இங்கேதான்.

டஸ்கீகியில் தொடங்கினார். அமெரிக்காவில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு நோய் இன்னதென்று சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், என்ன ஆகிறது என்று அரசே வேடிக்கை பார்த்த ஆய்வு. அதன் பின்விளைவாக 1979இல் வந்த பெல்மான்ட் அறிக்கையின் மூன்று கோட்பாடுகளையும் பலகையில் எழுதினார்: மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி. உடனே இந்தியாவுக்கு வந்துவிட்டார். 2009-10இல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கான எச்பிவி தடுப்பூசி போட்ட திட்டம். ஏழு சிறுமிகள் இறந்தார்கள், 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணைக் குழு சொல்லவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதம் நாறிவிட்டது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்கு, பெற்றோருக்குப் பதில் ஹாஸ்டல் வார்டனே கையெழுத்துப் போட்டிருந்தார். 2013இல் நாடாளுமன்றக் குழு காட்டமாக எழுதியது. "வார்டன் கெட்டவங்க இல்ல. மேல இருந்து லிஸ்ட் வந்திருக்கும். நாளைக்குள்ள முடிக்கணும்னு சொல்லியிருப்பாங்க. நமக்கெல்லாம் லிஸ்ட் வர்றதில்லையா?" என்றார். வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை.

லிஸ்ட் எனக்கும் வந்திருக்கிறது. ஒன்பது வருடம் முன்பு வேறொரு மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜாக இருந்தேன். மாதம் முப்பது நோயாளி கருத்துப் படிவம் கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் எண்ணினால் பதினெட்டு இருக்கும். மீதிப் பன்னிரண்டையும் நைட் டியூட்டியில் நானும் இன்னொரு சிஸ்டரும் உட்கார்ந்து நிரப்புவோம். நீலப் பேனா, கறுப்புப் பேனா மாற்றி மாற்றி. 'மிக நன்று' ஒன்பது, 'நன்று' மூன்று. எல்லாமே மிக நன்று என்றால் சந்தேகம் வருமே. இதை வகுப்பில் நான் சொல்லவில்லை. டீ இடைவேளையில் மேடத்திடம் மட்டும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த நிஜமான பதினெட்டையும் எப்போ வாங்குனீங்க?" என்று கேட்டார். டிஸ்சார்ஜ் அன்று, அட்வான்ஸ் மீதியைத் திருப்பிக் கொடுக்கும் கவுண்டரில். "பணம் திரும்பி வரணுமேன்னு நிக்கறவர் என்ன எழுதுவாரு? அதுவும் நீங்க நிரப்பினது மாதிரிதான்."

ஜெராக்ஸ் கடைத் தம்பியை நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது வாரம் என் முறை. ப்ராஜெக்டுக்கு நான் தேர்ந்தெடுத்திருந்த தலைப்பு நர்ஸ்களின் வேலை அழுத்தமும் வேலையை விட்டுப் போகும் எண்ணமும். கேள்வித்தாளை விநியோகித்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இத யாரு கொண்டுபோய்க் குடுப்பா?"

"நான்தாங்க மேடம்."

"யாருகிட்ட திருப்பித் தரணும்?"

"என்கிட்டதான்."

"டியூட்டி ரோஸ்டர் யாரு போடறது?"

"அதுவும்… நான்தாங்க."

பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், முகம் சூடாகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டியில், எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்கள் என்ற பட்டியலில் ஏழைகள், குழந்தைகள், மனநோயாளிகள் மட்டுமல்ல, மேலதிகாரிக்குக் கீழே இருக்கும் ஊழியர்களும் மாணவர்களும் உண்டு. கையெழுத்துப் போட மறுத்தால் அடுத்த வாரம் நைட் டியூட்டி விழுமோ என்று பயப்படுபவர் தரும் ஒப்புதல் ஒப்புதலே அல்ல. நான் அப்படிப் பழிவாங்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, பெயர் எழுத வேண்டாம், எம்ப்ளாயி நம்பர் வேண்டாம் என்று திருத்தினேன். மேடம் விடவில்லை. முதல் பக்கத்தில் நான் கேட்டிருந்தது: பிரிவு, பாலினம், அனுபவ ஆண்டுகள். "ஐசியூ, ஆண், ரெண்டு வருஷம். உங்ககிட்ட இப்படி எத்தன பேரு?" ஒரே ஒருவர். பெயரைவிடத் தெளிவான அடையாளம். பிரிவுகளை 'வார்டு', 'மற்றவை' என்று இரண்டாகச் சுருக்கி, பாலினத்தை எடுத்துவிட்டு, அனுபவத்தை 'ஐந்து வருடத்துக்குக் கீழ், மேல்' என்று மாற்றினோம். படிவத்தைக் கொடுப்பது வெளியாள், போடுவது கேன்டீன் பக்கத்தில் பூட்டிய பெட்டி, விருப்பமில்லாதவர் வெற்றுத் தாளையே மடித்துப் போடலாம் என்றும் முடிவாயிற்று. எல்லோரும் ஏதோ ஒன்றைப் போடுவதால், யார் மறுத்தார் என்பதும் தெரியாது.

அதே மதியம் ஒப்புதல் படிவம். மையத்தில் கொடுத்த தமிழ் மாதிரி இப்படி ஆரம்பித்தது: 'இவ்வாய்வில் தன்னார்வமாகப் பங்கேற்பதனால் விளையக்கூடிய இடர்கள் யாவும் எனக்கு முழுமையாக விளக்கியுரைக்கப்பட்டன.' மேடம், அங்கே டீ போடும் அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, அஞ்சு நிமிஷம் உக்காந்து இதக் கேக்கறீங்களா? வேல இருந்தா வேண்டாம்."

"நீங்க கூப்பிட்டு நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்?" என்று சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மேடம் ஒரு நொடி எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பின் திருப்பூர்க்காரரைப் படிக்கச் சொன்னார். முழுதாகப் படித்து முடித்ததும், என்ன புரிந்தது என்று அக்காவிடம் கேட்டார். "எதோ ஆபரேசனுங்க. இதுல கையெழுத்துப் போட்டா பணம் நாமதான் கட்டணும், செத்தாலும் கேக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு." அது உண்மையில் ஓபி காத்திருப்பு நேரம் பற்றிய இருபது கேள்விகளுக்கான படிவம். அன்று மாலை வரை ஒவ்வொரு வாக்கியமாக உடைத்து எழுதினோம். 'நாங்கள் சில கேள்விகள் கேட்போம். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். அதனால் உங்கள் வைத்தியத்தில் எந்த மாற்றமும் இருக்காது.' இரண்டாம் முறை படித்தபோது அக்கா கேட்டார்: "பாதியில எந்திரிச்சுப் போலாங்களா?" அந்த வரியை நாங்கள் எழுத மறந்திருந்தோம். சேர்த்தோம்.

குறைகளுக்கு வருகிறேன். வகுப்பு ஒலிப்பதிவுகள் தருவதாகச் சொன்னார்கள், இன்றுவரை வரவில்லை. கைந்நூல் ஜெராக்ஸ்; சூத்திரங்கள் இருக்கும் பக்கங்களில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஏசியை யார் கேட்டாலும் கூட்ட மட்டும் செய்வார்கள். மதியச் சாப்பாடு கட்டணத்தில் அடங்கும் என்பது உண்மைதான், பத்து வாரமும் அதே லெமன் சாதம்.

பெரிய குறை வேறு. விளம்பரத்தில் 'நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கு உதவி' என்று போட்டிருந்தார்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வை முன்கூட்டியே பரிசீலித்து அனுமதி தரும் குழு அது. கிடைத்தது ஒரு வேர்டு ஃபைல். என்னுடையதைப் போன்ற மருத்துவமனையில் நெறிமுறைக் குழுவே கிடையாது. ஏழு முதல் பதினைந்து பேர், குறைந்தது பாதிப் பேர் வெளியாட்கள், தலைவர் வெளியிலிருந்து, சட்டம் தெரிந்தவர், சாமானியர் ஒருவர், கூட்டத்துக்குக் குறைந்தது ஐந்து பேர் என்று சிறிய மருத்துவமனையால் திரட்ட முடியாது. வேறொரு நிறுவனத்தின் குழுவோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று வழிகாட்டி சொல்கிறது. யாரைப் பார்ப்பது, என்னென்ன தாள் கேட்பார்கள் என்று மையத்தில் யாருக்கும் தெரியவில்லை. மேடம் சொன்ன ஒரு மருத்துவக் கல்லூரிக்கு நானே அலைந்து, எங்கள் எம்.டி. கையெழுத்து வாங்கி, மூன்று மாதத்தில் முடித்தேன். இன்னொன்றும் அந்த அலைச்சலில்தான் தெரிந்தது. மருத்துவமனைக்குள் வழக்கமாகச் செய்யும் தரத் தணிக்கைக்குப் பரிசீலனையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் விலக்கு உண்டா என்று முடிவு செய்ய வேண்டியது குழு, நாம் இல்லை. என் டிஸ்சார்ஜ் கணக்குக்கு விலக்கு கொடுத்தார்கள், நர்ஸ்கள் கேள்வித்தாளுக்குக் கொடுக்கவில்லை.

காசில்லாமல் படிக்க வழி உண்டா என்று கேட்டவர்களுக்கு: உண்டு. சென்னையில் இருக்கும் ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இணையத்தில் சுகாதார ஆராய்ச்சியின் அடிப்படைகள் பற்றி வகுப்பு நடத்துகிறது. பார்க்கக் காசில்லை, பரீட்சை எழுதினால் மட்டும் கட்டணம். ஆய்வு வடிவமைப்பும் மாதிரி அளவும் அங்கே ஒழுங்காகவே இருக்கின்றன, எங்கள் இரண்டு சனிக்கிழமைப் புள்ளியியலைவிட எவ்வளவோ மேல். ஆங்கிலம் ஓரளவு ஓடும், ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார முடியும் என்பவர்கள் முதலில் அதை முடித்துவிடுங்கள். வீடியோ உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்காது, அது ஒன்றுதான் குறை. ரோஸ்டர் யார் போடுவது என்று அது என்னைக் கேட்டிருக்காது.

ஆகவே சேருவதற்கு முன், நெறிமுறைப் பாடம் யார் எடுக்கிறார், எத்தனை வாரம் என்று கேளுங்கள். 'ஒரு மணி நேரம், கடைசி நாளில்' என்று பதில் வந்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஜிஎஸ்டி சேர்த்தா என்றும் கேளுங்கள். ஸ்வெட்டர் கொண்டுபோங்கள். மேடம் இருக்கும்வரை இந்த மையத்துக்கு ஐந்துக்கு மூன்றரை போடுவேன். அவர் இல்லையென்றால் ஒன்றரை.

என் ப்ராஜெக்ட் என்ன ஆனது என்றும் கேட்டார்கள். 64 படிவம் போனது. பெட்டியில் 58 விழுந்தது, அதில் 9 வெற்றுத் தாள். திருப்பூர்க்காரர்தான் பெட்டியைத் திறந்து, எக்செல்லில் ஏற்றி அனுப்பினார். தாள்களை நான் பார்க்கவே இல்லை. கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று கொஞ்சம் இடம் விட்டிருந்தேன். பதினொரு பேர் ஏறக்குறைய ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: அடுத்த வார ரோஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வாட்ஸ்அப்பில் வருகிறது, பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று ஏற்பாடு செய்ய முடிவதில்லை. அதை அனுப்புவது நான்தான். இப்போது வியாழக்கிழமையே அனுப்புகிறேன்.